சங்கத்துக்கு ஒரு பைனாகுலர் வேண்டும்!



வால் நட்சத்திரம் பார்க்கணும்னா பெரிய டெலஸ்கோப் வேணும், அதெல்லாம் காவலூர் ஆய்வகத்துக்காரர்கள் வேலை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. வால் நட்சத்திரத்துக்கு ஏற்ற கருவி சாதாரண 7×50 பைனாகுலர். அதில் ஒன்றை நம் மாணவர் சங்கம் வாங்கி வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஏன் டெலஸ்கோப் வேண்டாம்? டிப்ளமோ மாணவர்கள்தானே, கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 என்பது உருப்பெருக்கம். 50 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இருட்டில் நம் கண்ணின் பாவை சுமார் 7 மி.மீ. விரியும். 50-ஐ 7-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 50. அதாவது, வெறுங்கண்ணைவிட 50 மடங்கு ஒளி! அதில் தெரியும் வானத்தின் அகலம் சுமார் 7 டிகிரி. முழு நிலா 14-ஐ வரிசையாக அடுக்கலாம். 100 மடங்கு பெருக்கும் டெலஸ்கோப்பில் ஒரு நிலா அடங்கினாலே பெரிய விஷயம். நீண்ட வால் அதில் எங்கே அடங்கும்?

இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஆல்காக் 1983-ல் தன் வீட்டுக்குள் இருந்தபடியே, மூடிய ஜன்னல் வழியாக, பைனாகுலரில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1996-ல் ஜப்பானியர் யூஜி ஹயகுடாகே கண்டுபிடித்ததும் பெரிய பைனாகுலரில்தான்.

"வெர்னியர் காலிபரே ஆளுக்கொண்ணு கிடைக்கல, இதுல பைனாகுலரா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். லேப் கருவி நிர்வாகம் தர வேண்டியது. அதைப் போராடி வாங்குவோம். ஆனால் சிலபஸில் இல்லாததை நாமே தேடிக்கொள்ளாவிட்டால் யார் தருவார்?

2024 அக்டோபரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சூச்சின்ஷான்-அட்லஸ் வால் நட்சத்திரம் 12-ஆம் தேதி சுமார் 7 கோடி கி.மீ. தூரத்தில் நம்மைக் கடந்து, மாலையில் மேற்கு வானத்துக்கு வந்தது. சில நாளிலேயே வடகிழக்குப் பருவமழை! மேகம் விலகிய நேரம் கொஞ்சம். அதுவும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போனது. செய்தி வந்த பிறகு கடைக்கு ஓடினால் அது காத்திருக்குமா? கருவி கையில் இருக்க வேண்டும்.

பார்ப்பது சுலபம். சூரியன் முழுக்க மறைந்த பிறகே பைனாகுலரைத் தூக்குங்கள். இல்லாவிட்டால் கண் போய்விடும். தெருவிளக்கு படாத மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். நேராக முறைக்காமல் சற்றே ஒதுக்கிப் பார்த்தால் மங்கல் ஒளியும் தெரியும். வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம், அதாவது மேல்நோக்கி நிற்கும். செல்போன் படத்தில் வருகிற கலர் இருக்காது, சாம்பல் நிறப் புகைதான். ஆனால் அது உங்கள் கண்ணுக்கே வந்து சேர்ந்த ஒளி!

லீவில் ஊருக்கும் கொண்டு போகலாம். "வால் நட்சத்திரம் முளைச்சா நாட்டுக்கு ஆகாது" என்று சொல்லும் பாட்டிக்கும் காட்டலாம். பனியும் தூசியும்தான் என்று நாம் நூறு முறை சொல்வதைவிட, அவர் ஒரு முறை பார்ப்பது மேல்.

ஹாலி திரும்பி வருவது 2061-ல். அதற்குள் சொல்லாமல் வரும் விருந்தாளிகள் எத்தனையோ! அடுத்த பொதுக்குழுவில் யாராவது தீர்மானம் கொண்டு வாருங்கள். முதல் கை என்னுடையது.