மேப்பில் இல்லாத ஊர்: கிபேரா இளைஞர்கள் செய்தது என்ன?

பிரியாணிக் கடையில் இருந்து பெட்ரோல் பங்க் வரை எல்லாமே போன் மேப்பில் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். லட்சக்கணக்கான ஜனங்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு பகுதியே அதில் இல்லை என்றால்?

கென்யத் தலைநகர் நைரோபியில் உள்ள கிபேரா குடிசைப் பகுதி, 2009 வரை இணைய வரைபடங்களில் கிட்டத்தட்ட வெற்றிடம்தான். அங்கே 10 லட்சம் பேர் இருப்பதாகக்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009 கணக்கெடுப்பில் வந்ததோ சுமார் 1.7 லட்சம். தலைக்கணக்கிலேயே இவ்வளவு குழப்பம். இதில் தெருக்கணக்கை யார் கேட்டது?

அந்த ஆண்டின் கடைசியில் உள்ளூர் இளைஞர்கள் 13 பேர் ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் இடம், கழிப்பறை, மருந்தகம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். இது 2004இல் பிரிட்டனில் தொடங்கியது, விக்கிப்பீடியா மாதிரி. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம், காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

'மேப் கிபேரா' என்ற இந்த முயற்சி புள்ளி வைத்ததோடு நின்றுவிடவில்லை. விஷயமே அதற்குப் பிறகுதான். மேப்பை அச்சடித்து, மேலே டிரேசிங் பேப்பரை விரித்து, அங்கு குடியிருப்பவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். எந்த இடம் பாதுகாப்பு, எது ஆபத்து என்று அவர்களே வரைந்து காட்டினார்கள். சாதாரணக் கூட்டத்தில் சத்தமாகப் பேசுபவர் சொல்வதுதான் எடுபடும். "எங்க ஏரியாவில் வசதியே இல்லை" என்ற பொத்தாம்பொதுவான புகாரை அதிகாரிகள் எளிதாகத் தட்டிக்கழிப்பார்கள். இந்தச் சந்தில், இந்த இடத்தில் என்று வரைபடத்தில் காட்டினால், பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் கொஞ்சமாவது வரும்.

ஆனால் ஒரு சிக்கல். குறிப்பவர் யாரோ, அவருடைய பார்வைதான் மேப். 2015 சென்னை வெள்ளத்தில் தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே ஆன்லைன் வரைபடத்தில் குறித்தார்கள், பெரிய உதவி. ஆனாலும், குறிக்கப்படாத தெரு காய்ந்து கிடந்தது என்று அர்த்தமில்லை. அங்கே கரன்ட் இல்லாமல், போனில் சார்ஜ் இல்லாமல் ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

குடியிருப்போர் சங்கமோ நண்பர் குழுவோ இதைச் செய்ய கோடிங் தெரிய வேண்டியதில்லை. யூமேப் என்ற இலவசக் கருவியில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் தெருவிளக்குக்கு ஒரு அடுக்கு, மழைநீர் தேங்கும் இடத்துக்கு ஒரு அடுக்கு என்று போட்டு, லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். கூடவே ஒரு பிரின்ட் எடுத்து, ஸ்மார்ட்போன் இல்லாத வாட்ச்மேனிடமும், விடியற்காலையில் தெருக்கூட்டும் அக்காவிடமும் பென்சிலைக் கொடுத்துக் கேட்கலாம்.