நரம்பு மருத்துவத்தின் வாசலில் தொங்கும் பூட்டுக்கு ‘தகுதி’ என்று பெயர்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் தலித்துகள், அன்றாடங்காய்ச்சிகள், மூட்டை தூக்கியவர்கள். செத்தவர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பிழைத்தவர்களைப் பற்றி யார் பேசினார்கள்? மெத்தனால் உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் தின்பது பார்வை நரம்பை. மூளைக்குள் ‘புட்டாமென்’ என்ற பகுதியையும் அது அழிக்கும். உயிர் தப்பியும் கண் போனவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

பார்வை நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்க ஒரு சோதனை உண்டு. கண் முன்னே கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். தலையின் பின்பக்கம் ஒட்டிய மின்முனைகள் மூளையின் பதிலைப் பிடிக்கும. நல்ல நரம்பென்றால் ஏறக்குறைய 100 மில்லி நொடியில் ஓர் அலை எழும்பும். கெட்ட நரம்பென்றால் அலை தாமதிக்கும், தாழும், எழும்பாமலே போகும். இதுவும், வலிப்புக்கு எடுக்கும் இ.இ.ஜி.யும், கைகால் மரத்துப்போனால் எடுக்கும் நரம்புக் கடத்தல் சோதனையும் சேர்ந்ததுதான் கிளினிக்கல் நியூரோபிசியாலஜி. தமிழில் நரம்பு மின்னியங்கியல் என்று சொல்லிக்கொள்வோம்.

நாம் கேட்பது ஒன்றுதான். மின்முனை ஒட்டப்படும் தலை நம்முடையது. அந்த அலையைப் படித்துக் கையெழுத்துப் போடும் கை ஏன் நம்முடையதாக இல்லை?

அந்தக் கையெழுத்துக்குப் போகும் வழியைப் பாருங்கள் தோழர்களே. அமெரிக்காவில் நரம்பியல் பயிற்சி முடித்த மருத்துவர் இந்தத் துறையில் மேலும் ஓராண்டு பயிற்சி எடுத்து, பிறகு போர்டு நடத்தும் எழுத்துத் தேர்வில் தேறிச் சான்று வாங்குகிறார். நம் நாட்டில் இது பெரும்பாலும் டி.எம். நரம்பியலுக்குள் அடங்கிய வேலை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. 3 ஆண்டு, டி.எம். 3 ஆண்டு. மொத்தம் பதினொன்றரை ஆண்டு. நீட் மூன்று முறை: இளநிலைக்கு ஒன்று, முதுநிலைக்கு ஒன்று, 2017 முதல் உயர் சிறப்புப் படிப்புக்கு ஒன்று.

முதல் இரண்டு வாசலிலும் இடஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டில் பட்டியல் சாதிக்கு 18, பழங்குடிக்கு 1. அகில இந்திய ஒதுக்கீட்டில் 15-ம் 7.5-ம். மூன்றாவது வாசலில்? பூஜ்ஜியம். உயர் சிறப்பு மருத்துவ இடங்களில் சமூக இடஒதுக்கீடு கிடையாது. 1992 மண்டல் தீர்ப்பில், உயர் சிறப்பு மருத்துவம் போன்ற சில இடங்களில் ஒதுக்கீடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 1999-இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் அதையே உறுதி செய்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான்: உச்சியில் ‘தகுதி’ மட்டுமே இருக்க வேண்டுமாம்.

இந்த வாதத்தின் பித்தலாட்டத்தை நம் மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். தேர்வுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பயிற்சி முடிந்த பிறகு வைப்பது. ‘உனக்கு இந்த வேலை தெரியுமா?’ என்று கேட்கும். தெரிந்தவர் எல்லோரும் தேறலாம், நூறு பேர் எழுதி நூறு பேரும் தேறினாலும் குற்றமில்லை. அமெரிக்க போர்டு தேர்வு அப்படிப்பட்டது. நம் டி.எம். இறுதித் தேர்வும் அப்படிப்பட்டதுதான். இன்னொன்று, பயிற்சிக்கு முன்னால் வைப்பது. ‘வரிசையில் நீ எத்தனையாவது ஆள்?’ என்று கேட்கும். நீட் உயர் சிறப்புத் தேர்வு இந்த வகை. இடம் குறைவு, ஆள் அதிகம், அதனால் வடிகட்டுகிறார்கள்.

இடஒதுக்கீடு வேலை செய்வது இரண்டாவது வகையில் மட்டும். வரிசையில் யார் உள்ளே போகலாம் என்பதை அது மாற்றும். டி.எம். இறுதித் தேர்வின் கேள்வியையோ தேர்ச்சி மதிப்பெண்ணையோ அது தொடுவதே இல்லை. ஐயர் வீட்டுப் பிள்ளைக்கும் சேரிப் பிள்ளைக்கும் அங்கே ஒரே தாள், ஒரே மதிப்பெண். அப்படியிருக்க, ஒதுக்கீட்டில் உள்ளே வந்து மூன்றாண்டு பயின்று அதே தேர்வில் தேறியவர் எந்த வகையில் தகுதி குறைந்தவர்? இதற்குப் பதில் சொல்லாமல் ‘நோயாளியின் உயிர்’ என்று மிரட்டுவதுதான் அவர்கள் வழக்கம்.

நோயாளியின் உயிர்மேல் அவ்வளவு அக்கறை என்றால் 2023 செப்டம்பரில் என்ன நடந்தது? முதுநிலை மருத்துவ இடங்கள் நிரம்பவில்லை என்று நீட் முதுநிலைத் தகுதிப் புள்ளியை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜிய பெர்சன்டைலாக ஒன்றிய அரசு குறைத்தது. தேர்வு எழுதியிருந்தாலே போதும், கலந்தாய்வுக்கு வரலாம். கட்டணம் கட்ட முடிந்தவருக்குத் தனியார் கல்லூரியின் கதவு திறந்தது. சேரிப் பிள்ளை நான்கு மதிப்பெண் குறைவாக வாங்கினால் நாடு அழியும், கோடீஸ்வரப் பிள்ளை பூஜ்ஜியத்தில் வந்தால் நாடு வாழும்! இவர்கள் சொல்லும் தகுதி, காசைக் கண்டால் எழுந்து நின்று வழிவிடும். சாதியைக் கண்டால் மட்டும் காலை நீட்டி மறிக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 விழுக்காடு போக மிச்சத்தில் பழங்குடிக்கு 1 விழுக்காடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஓர் இடம்தான் வரும். கல்வராயன் மலை எதிரே தெரிகிறது. மலையில் இருப்பவருக்கோ கல்லூரி எட்டாத தூரத்தில் இருக்கிறது.

இந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்தது. நாடு விடுதலையாகி ஒரு தலைமுறை கழிந்த பிறகுதான் அரசு இங்கே வந்தது. கருணாபுரம் சாவுக்குப் பிறகு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுத்தது. சாலை எங்கே, பேருந்து எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் பொதுப்புத்தியில் கல்வராயன் மலை என்றால் சாராய ஊறல், போலீஸ் ரெய்டு. கருணாபுரத்தைக் கொன்றது மலையில் ஊறிய சாராயம் அல்ல. தொழிற்சாலைக்குப் போகும் மெத்தனால் அது. பழி மட்டும் மலைக்கு.

இந்த மலையின் மலையாளி பழங்குடிப் பிள்ளை ஒருத்தி அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து மருத்துவராக நினைக்கிறாள் என்று வையுங்கள். நீட்டுக்கு முன்னால் அவள் எழுத வேண்டிய தேர்வு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதிக்குத் தாசில்தார் கொடுக்கலாம், பழங்குடிக்குக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விண்ணப்பம், விசாரணை, அப்பன் சான்று, பாட்டன் சான்று, மறுபடி விசாரணை. அதிலும் ‘மலையாளி’ என்ற பெயர் பழங்குடிப் பட்டியலில் மாவட்டக் கணக்கில் இருக்கிறது. பழைய தென்னாற்காடு, சேலம், தருமபுரி, வடாற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் பழங்குடி. ஈரோட்டு மலையில் அதே மக்கள் பழங்குடி இல்லை! ஒரே இரத்தம், ஒரே தெய்வம், ஒரே கொள்வினை கொடுப்பினை. மாவட்ட எல்லைக் கல் சாதியை மாற்றிவிடுகிறது. இத்தனையும் தாண்டிச் சான்றிதழ் வாங்கினாலும் மெய்த்தன்மை விசாரணை என்ற கத்தி வேலை வரைக்கும் தலைமேல் தொங்கும்.

நரம்பு வழியாகச் செய்தி போகும் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று அளக்கிறார்கள். ஆரோக்கியமான கை நரம்பில் அது 50 மீட்டருக்கு மேல். வெள்ளிமலையிலிருந்து கிளம்பும் ஒரு விண்ணப்பம் கோட்டாட்சியர் மேசையைத் தாண்டும் வேகத்தையும் யாராவது அளக்கட்டும். நோய் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

உள்ளே போன பிறகாவது நிம்மதி உண்டா? எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று தோரட் குழு விசாரித்து 2007-இல் அறிக்கை தந்தது. விடுதி, வகுப்பு, செய்முறைத் தேர்வு எங்கும் பாகுபாடு இருப்பதை அது பதிவு செய்தது. 2019 மே மாதம் மும்பையில் முதுநிலை மருத்துவம் படித்த பழங்குடிப் பெண் பாயல் தாட்வி இறந்தார். மூத்த மாணவிகள் செய்த சாதிய வதையே காரணம் என்று அவர் குடும்பம் குற்றம் சாட்டியது. அதற்கு முன் 2017 செப்டம்பரில் நம் அனிதா. முதல் வாசலிலேயே நாம் பறிகொடுத்தவர்.

ஆகவே எழுத்துத் தேர்வு நமக்கு எதிரி என்று நாம் சொல்லவில்லை. விடைத்தாளில் பெயர் இல்லை, எண்தான் இருக்கிறது. நேர்முகத்திலும் செய்முறைத் தேர்விலும்தான் முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்து மதிப்பெண் போடுகிறார்கள். தேர்வு நேர்மையாக இருக்கட்டும், கடினமாகவும் இருக்கட்டும். அதற்குத் தயாராகும் காலமும் காசும் யாருக்குக் கிடைக்கிறது என்பதே நம் கேள்வி. உயர் சிறப்புக் கலந்தாய்வில் சேர முன்வைப்புத் தொகை மட்டும் 2 லட்சம் ரூபாய். திருப்பித் தருவார்கள்தான். முதலில் கட்டினால்தானே திரும்ப வரும்? கல்வி உதவித்தொகைக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்று வைத்த அரசுதான் இந்த 2 லட்சத்தையும் கேட்கிறது.

இருக்கிற வழிகளை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவராகச் சேருங்கள். அந்தப் பணி நியமனத்தில் 69 விழுக்காடு இருக்கிறது. அரசுப் பணியில் உள்ளவர்களுக்கு முதுநிலையில் இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உயர் சிறப்பு இடங்களில் 50 விழுக்காட்டை அரசு மருத்துவர்களுக்குத் தமிழ்நாடு ஒதுக்கியது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தொடர அனுமதித்தது. இது பணி ஒதுக்கீடு, சமூக ஒதுக்கீடு அல்ல. ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்ட கை நரம்பியல் துறைக்குள் நுழைய இன்று திறந்திருக்கும் பெரிய கதவு இதுதான்.

தேர்வைப் பொறுத்தவரை, பொது மருத்துவம் படித்து நரம்பியலுக்குப் போகிறவர் எழுதும் தாள் பொது மருத்துவம் முழுவதையும் கேட்கும். 150 கேள்வி, இரண்டரை மணி நேரம், சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். நரம்பியல் மட்டும் படித்தால் தேற முடியாது. இதயம், சிறுநீரகம், தொற்றுநோய் எல்லாம் வேண்டும். எம்.டி. மூன்றாண்டும் வார்டில் பார்த்த ஒவ்வொரு நோயாளியையும் அன்றிரவே ஹாரிசனோடு ஒப்பிட்டுப் படிப்பதற்கு ஈடான கோச்சிங் எதுவும் இல்லை. தனியாகப் படிக்காதீர்கள். கோச்சிங் காசு இருப்பவனுக்கு. நமக்குக் கூட்டுப் படிப்பு.

மருத்துவராக முடியாவிட்டால் இந்தத் துறையே இல்லை என்றும் எண்ண வேண்டாம். பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோபிசியாலஜி என்ற துணை மருத்துவப் பட்டப்படிப்பு தமிழ்நாட்டில் இருக்கிறது. நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான், 69 விழுக்காடும் உண்டு. இ.இ.ஜி. எடுப்பதும் நரம்புக் கடத்தல் சோதனை செய்வதும் இவர்கள் கையில்தான். நம் பள்ளிகளில் பிளஸ் டூ முடிக்கும் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? தெரியாமல் இருப்பதும் ஒரு பூட்டுத்தான். இந்த ஆண்டே வெள்ளிமலையிலும் சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் பள்ளி வாசலில் நின்று சொல்லுங்கள்.

வழிகளைச் சொல்வதால் கோரிக்கையை விட்டுவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உயர் சிறப்பு மருத்துவத்தில் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் இடஒதுக்கீடு வேண்டும், அதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். முன்வைப்புத் தொகையை நம் மாணவர்களுக்கு அரசே கட்ட வேண்டும். பழங்குடிச் சான்றிதழுக்குக் கெடு நாள் வேண்டும், இழுத்தடிக்கும் அதிகாரிக்குத் தண்டனை வேண்டும். கருணாபுரத்தில் கண் இழந்தவர்களுக்கும் நரம்பு கெட்டவர்களுக்கும் கள்ளக்குறிச்சியிலேயே தொடர் சிகிச்சையும் முழு நரம்பு மின்னியங்கியல் பிரிவும் வேண்டும். அன்று சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸில் அலைந்தது போதும்.

மெத்தனால் எந்த நரம்பைக் கெடுக்கும், மூளையின் எந்தப் பகுதியை அழிக்கும் என்பது மருத்துவத் தேர்வுகளில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. அதன் விடையை நம் ஜனங்கள் கண்ணைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். அந்த விடையைத் தேர்வுத்தாளில் குறிக்கும் உரிமையைக் கேட்கிறோம். சலுகை கேட்கவில்லை.

கற்போம், ஒன்று சேர்வோம், போராடுவோம். ஜெய் பீம்!