கண்ணில்லாதவருக்கு உத்தியோகமா?

நமது நாட்டில் அங்கவீனர்களுக்கு மூன்று ஸ்தானங்கள்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்று கோவில் வாசல், இரண்டு திருவிழாத் தெரு, மூன்று வீட்டின் பின்கட்டு. சுசீந்திரம் தேரோட்டத்தன்று இவர்களுக்குக் காசு போட்டுவிட்டுப் புண்ணியம் சேர்ந்ததாகத் திரும்பும் கனவான்கள், அதே மனிதர் நாளைக்கு நாகர்கோவில் கச்சேரியில் நாற்காலியில் அமர்ந்து தங்கள் மனுவை வாங்கப் போகிறார் என்றால் மட்டும் திடுக்கிடுகிறார்கள். "பாவம், இவருக்கு எதற்கு இந்தச் சிரமம்?" என்கிறார்கள்.

இந்தப் "பாவம்" என்ற வார்த்தையைச் சற்று யோசித்துப் பாருங்கள். இரக்கத்திற்கும் அதே சொல், முன்ஜென்மக் குற்றத்திற்கும் அதே சொல். போன பிறவியில் செய்த வினைதான் இந்தப் பிறவியில் கண்ணைக் கெடுத்தது என்று ஏமாற்றியவர்கள், குற்றவாளிக்குச் சோறு போடலாம், அதிகாரம் கொடுக்கலாமா என்று கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியமெல்லாம், படித்த சர்க்காரும் இதே கேள்வியைக் கேட்டதுதான்.

2014-ல் நமது மாகாணத்தில் சிவில் நீதிபதி உத்தியோகத்திற்கு விண்ணப்பம் கேட்டபோது, பார்வையிலும் செவியிலும் நூற்றுக்கு 40 முதல் 50 வரை குறையுள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்று நிபந்தனை போட்டார்கள். பசித்தவனுக்குப் பந்தி உண்டு, ஆனால் ரொம்பப் பசித்தவன் வரக்கூடாது என்பது போன்றதே இது. பார்வைக்குறை 70 என்று கணிக்கப்பட்ட ஒருவர் வழக்காடினார். 22-1-2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அந்த நிபந்தனை சரியென்றே தீர்ப்பளித்துவிட்டது. நீதிபதிக்குப் பார்வையும் செவியும் ஓரளவாவது வேண்டும் என்பது காரணம்.

தென்னாப்பிரிக்காவிலே சாக் யாகூப் என்பவர் குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்தவர். அவர் அந்நாட்டு அரசியல் சட்டக் கோர்ட்டில் 1998 முதல் 2013 வரை நீதிபதியாக இருந்தார். அங்கே நீதி செத்துப் போய்விட்டதா?

சரி, 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்லுகிறது? சர்க்கார் உத்தியோகங்களில் நூற்றுக்கு 4-க்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். அது மட்டுமல்ல, அவர் மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்யத் தேவையான மாறுதல்களை, தாங்க முடியாத பாரமாக இல்லாத வரையில், சர்க்கார் செய்து தர வேண்டும். மறுப்பதே பாரபட்சம். வேலையிலிருக்கும்போது ஊனமடைந்தவரை வெளியேற்றவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். நிறம் பிரித்தறிய முடியாததால் விலக்கப்பட்ட தெலுங்கானா பஸ் டிரைவர் ஒருவருக்கு மாற்று வேலை கொடுக்கும்படி 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

2019 தீர்ப்பின் கதியும் அப்படியே ஆயிற்று. இந்த வசதிக் கடமையை அது கவனிக்கவில்லை, ஆகையால் அதை இனி முன்மாதிரியாகக் கொள்ள முடியாது என்று 2021-ல் அதே கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் கூறினர். 3-3-2025-ல் பார்வையற்றவரை நீதித்துறையிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதியே ரத்தாயிற்று.

"இதற்கெல்லாம் செலவாகாதா?" என்பார்கள். கண்ணுள்ள குமாஸ்தாவுக்கு விளக்குப் போடுவது யார் செலவு? விளக்கை அணைத்துவிட்டால் பிரெயில் படிக்கிறவர் ஒருவர்தானே வேலை செய்வார்! மாடிக்குப் படிக்கட்டு கட்டுவதும் வசதிதான், சாய்தளம் கட்டுவதும் வசதிதான். முன்னது பெரும்பான்மையோருக்கு என்பதால் செலவாகத் தோன்றவில்லை, அவ்வளவே.

"தகுதி கெட்டுவிடாதா?" என்பார்கள். நாஞ்சில் நாட்டார் இந்தப் பல்லவியை மறந்திருக்க மாட்டார்கள். நாம் திருவிதாங்கூரோடு கிடந்த காலத்தில், டாக்டர் பல்பு வைத்தியப் பட்டம் பெற்று வந்தும், ஈழவர் என்பதற்காகச் சமஸ்தானத்தில் உத்தியோகம் மறுக்கப்பட்டு, மைசூர் சர்க்காரில் சேர்ந்தார். கெட்டது தகுதியா, சமஸ்தானமா? அன்று பிறப்பைக் காட்டிக் கதவடைத்தவர்கள் சொன்னதையே இன்று உடலைக் காட்டிச் சொல்லுகிறார்கள்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரில் இப்படிப்பட்டவர் இருந்தால் இரக்கப்படுவதை நிறுத்துங்கள். விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். பரீட்சைக்கு எழுதுகிறவர் வேண்டுமானால் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்திலேயே வாங்கி மேலே போகச் சொல்லுங்கள். தட்டில் விழும் காசு போட்டவனின் தயவில் இருக்கிறது. சம்பளம் அப்படியல்ல, அது அவருடைய பங்கு. பங்கைக் கேட்பவனுக்குப் "பாவம்" என்று பதில் சொல்லும் அயோக்கியத்தனத்தை நாம் இனியும் பொறுத்துக்கொள்வதா?