பிள்ளைப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்?

இலங்கையில் பிறக்கும் குழந்தையோடு சேர்ந்து ஒரு புத்தகமும் வீட்டுக்கு வருகிறது. பெண் பிள்ளையாயின் இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளையாயின் நீலம். நிறை, உயரம், தடுப்பூசித் திகதிகள், எந்த மாதத்தில் தலை நிமிர்த்தும், எப்போது தவழும் என்பன யாவும் அதிலுண்டு. சுகாதார அமைச்சு வெளியிடும் இப்புத்தகத்தைச் சனம் 'கிளினிக் புத்தகம்' என்று சொல்லிப் பழகிவிட்டது. தடுப்பூசி போடும் நாளில் வெளியே வந்து, பின்னர் கடவுச்சீட்டைப் போல அலுமாரியில் பத்திரமாக ஏறிவிடுகிறது. பேணப்படுகிறது, ஆனால் படிக்கப்படுவதில்லை என்பதே என் குறை.

இப்புத்தகத்தின் மூலக் கருத்து எளிமையானது. நைஜீரியாவின் கிராமமொன்றில் பணியாற்றிய டேவிட் மோர்லி என்ற பிரித்தானியக் குழந்தை மருத்துவர், பிள்ளையின் நிறையை மாதந்தோறும் ஒரு வரைபில் குறித்து, அந்த அட்டையை மருத்துவமனை அலுமாரியில் வைக்காமல் தாயின் கையிலேயே கொடுத்தார். கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்பதை எழுத்தறியாத தாயும் கண்டுகொள்ள முடிந்தது. பிள்ளை நோயில் விழுவதற்கு முன்பே அந்தக் கோடு சொல்லிவிடும். ஜப்பான் 1948இல் தாய்க்கும் சேய்க்குமாக ஒரே கைந்நூலை வழங்கத் தொடங்கியது. பின்னர் இந்தோனேசியா முதலிய நாடுகளும் அதனைப் பின்பற்றின. 1940களின் நடுப்பகுதியில் ஆயிரம் பிறப்புக்கு 140 சிசுக்கள் வரை இறந்துகொண்டிருந்த இலங்கை, அதனைப் பத்துக்கும் கீழே கொண்டுவந்திருப்பது புத்தகத்தால் மட்டுமல்ல. மலேரியா ஒழிப்பு, இலவசக் கல்வி, இலவச வைத்தியம், வீடு வீடாக நடக்கும் குடும்ப நல உத்தியோகத்தர் ஆகிய யாவற்றுக்கும் அதிற் பங்குண்டு. மக்கள் 'மிட்வைஃப்' என்றே அழைக்கும் அந்தப் பெண்மணியின் கையிற்தான் புத்தகத்துக்கு உயிர் வருகிறது.

அவர் போன பிறகு வீட்டில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பிள்ளை பெற்றவளிடம் இல்லை. அவளுடைய தாயாரிடமோ மாமியாரிடமோ இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி, "ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று புத்தகத்தில் இருக்குது அம்மா" என்று சொன்னால், "நான் அஞ்சு பிள்ளை வளர்த்தனான்" என்ற பதில் வந்து வாயை அடைத்துவிடும். வெயில் காலத்தில் பச்சிளம் சிசுவுக்குத் தண்ணீர் பருக்குவதும், பிறந்தவுடன் நாவில் தேன் தடவுவதும், கடும்புப்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடுவதும் அன்பினால் நடப்பவை. ஆயினும் ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கக்கூடும். கடும்புப்பாலோ அக்குழந்தைக்குக் கிடைக்கும் முதலாவது நோய்த்தடுப்பு.

இதற்காகக் கிழவிமாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. முப்பத்தொரு நாள் தாயை அடுப்படிக்கு விடாமல் ஓய்வு கொடுத்தது யார்? பத்தியக் கறியும் காயச் சரக்கும் ஆக்கிப் போட்டு, இரவில் பிள்ளையை வாங்கி வைத்திருந்து அவளைத் தூங்கவிட்டது யார்? எந்தப் புத்தகமும் செய்யாத வேலை அது. ஆகவே புத்தகம் அவர்களோடும் பேசவேண்டும். பேத்தியாருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, "நீங்கள் செய்துவந்தவற்றில் இன்னின்னவை நல்லவை, இவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று மரியாதையோடு எழுதினால் அவர்கள் கேட்பார்கள்.

பேசும் மொழியும் ஒரு சிக்கல். நமது சுகாதாரப் பிரசுரங்கள் பல ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படுகின்றன. 'நீரிழப்பு அறிகுறிகள் தென்படின் உரிய சிகிச்சையை நாடுக' என்று ஒரு வசனம். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவரும் தாய்க்கு அதனால் என்ன பயன்? வயிற்றாலை போகும் பிள்ளைக்குப் பாலை நிறுத்தாதீர்கள். ஜீவனி கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். கண் குழிவிழுந்தாலோ, வழமைபோல் மூத்திரம் போகாவிட்டாலோ, சோர்ந்து கிடந்தாலோ விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று சொல்வதற்குத் தமிழிற் சொற்பஞ்சம் இல்லை. பத்திரிகைகளின் பெண்கள் பக்கங்களும் இதில் இளைத்தவையல்ல. மேலைநாட்டுச் சஞ்சிகையைப் பார்த்து எழுதி, பருத்தித்துறைத் தாய்க்குப் புளூபெரி மசித்துக் கொடுக்கச் சொன்ன பக்கங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அச்சில் வந்ததெல்லாம் வேதமும் அல்ல. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் கோடிக்கணக்கில் விற்பனையானது. பிள்ளையை நம்பி அள்ளி அணையுங்கள் என்று தாய்மாருக்குத் துணிவூட்டிய நல்ல நூல் அது. ஆனால் 1950களில் வந்த பதிப்பில், வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும் என்று அஞ்சி, குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கும்படி அவர் எழுதினார். வேறு பலரும் அவ்வாறே எழுதினர். குப்புறப் படுக்கும் சிசுக்களே தூக்கத்தில் திடீரென இறப்பது அதிகம் என்பதற்கான சான்றுகள் 1970 அளவிலேயே இருந்தன. பிரித்தானியா 1991இலும் அமெரிக்கா 1994இலும்தான் மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரத்தைத் தொடங்கின. சான்றுகளை நேரத்தோடு திரட்டிப் பார்த்திருந்தால் மேலைநாடுகளில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சிசுக்களின் உயிரைக் காத்திருக்கலாம் என்று 2005இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு வரி! ஆகவே புத்தகத்தை எடுத்தவுடன் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள்.

யார் செலவில் அச்சானது என்பதையும் பாருங்கள். பால்மாக் கம்பனிகள் அழகிய வண்ணப் படங்களோடு இலவசக் குழந்தை நூல்களை விநியோகித்த காலம் ஒன்றிருந்தது. அதனாலேயே உலக சுகாதார நிறுவனம் 1981இல் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் சந்தைப்படுத்தல் பற்றிய ஒழுக்கக் கோவையை நிறைவேற்றியது. இலங்கை 1983இல் தனக்கென ஒரு கோவையைக் கொண்டுவந்தது. இன்று விளம்பரம் கைத்தொலைபேசியில் வேறு வேடத்தில் வருகிறது. 'பிள்ளைக்குப் பால் காணாது' என்று யாராவது ஒருவர் சொன்னாற் போதும், அந்தத் தாயின் நம்பிக்கை அன்றே பாதி போய்விடும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும் என்பதை அவளுக்கு அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

புலம்பெயர்ந்த வீடுகளில் அந்த ஆளே இல்லை. லண்டனிலும் அரசாங்கம் சிவப்பு அட்டைப் புத்தகம் கொடுக்கிறது, தாதி வீட்டுக்கு வருகிறார். ஆனால் கணவன் இரவு வேலைக்குப் போய்விட, பனிக்காலத்தில் நாலு சுவருக்குள் பிள்ளையோடு தனித்திருக்கும் பெண், யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயோடு தொலைபேசியிலேதான் பேசுகிறாள். காரணமின்றி அழுகை வருகிறது, பிள்ளையைப் பார்க்கவே மனமில்லை என்று அவளால் அங்கும் சொல்ல முடிவதில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதை 'கண்ணூறு', 'கொழுப்பு' என்ற சொற்களால் மூடிவிடுகிறோம். தாதி கேட்கும்போது, "எல்லாம் நல்லாயிருக்கு" என்ற ஓர் ஆங்கில வாக்கியத்தோடு அது முடிந்துவிடுகிறது.

இந்தப் பக்கத்தை முதலில் வாசிக்கவேண்டியவர் கணவர். இரண்டு கிழமைக்கு மேலாக அவள் தூங்காமலும் உண்ணாமலும் அழுதுகொண்டும் இருந்தால், அவளுக்குப் பதிலாக மருத்துவரிடம் பேசவேண்டியவரும் அவரே. தன்னையோ பிள்ளையையோ என்ன செய்துவிடுவேனோ என்று அவள் ஒரு தடவை சொன்னாலும், அன்றே கூட்டிச் செல்லவேண்டும்.