பேக்கப் எடுத்தால் மட்டும் போதுமா?

தேனி, சின்னமனூர், கம்பம் பகுதிகளில் பல மொத்தக் கடைகளின் பேரேடும் சிட்டையும் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. போடியில் ஏலக்காய் ஏலமே ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலமாக நடக்கிறது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பது சட்டம். எனவே பேக்கப் அவசியம் என்பதை யாரும் மறுப்பதில்லை. அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றைத்தான் மறந்துவிடுகிறோம்.

பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நகல் எடுத்தால் என்ன ஆகும்? வத்தல் மூட்டை இருப்பில் கழிந்திருக்கும்; பார்ட்டி கணக்கில் பற்று ஏறியிருக்காது. அந்த நகலை நம்பிப் பாக்கி கேட்க முடியுமா? ஆகவே முதலில் கணக்கு சாஃப்ட்வேரை முறையாக மூட வேண்டும், பிறகு நகல், அதன்பின் சரிபார்ப்பு, கடைசியில் மறுபடி திறப்பு. இதைக் கடைப் பையனின் ஞாபகத்துக்கு விடாமல், சிறு ஸ்கிரிப்டாக எழுதி விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிட்டால், இரவில் தானாக நடக்கும்.

எழுதித் தருபவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, சாஃப்ட்வேர் மூடவில்லை என்றால் நகல் எடுக்காமல் நின்று, அதைத் தெரிவிக்கிறதா? இரண்டாவது, நகல் தவறினாலும் சாஃப்ட்வேரைத் திரும்பத் திறந்துவிடுகிறதா? இல்லாவிட்டால் காலை வியாபாரம் நின்றுபோகும். மூன்றாவது, வெற்றியையும் தோல்வியையும் சரியாகப் பிரித்துச் சொல்கிறதா? விண்டோஸின் ரோபோகாப்பி வேலை முடிந்ததும் ஓர் எண் தரும். 1 என்றால் நகல் நடந்தது என்று பொருள். 8 அல்லது அதற்கு மேல் என்றால்தான் பிழை. இது தெரியாமல் எழுதினால் நல்ல நகலையும் பிழை என்றே சொல்லும். தினமும் பொய் எச்சரிக்கை வந்தால், நிஜ எச்சரிக்கையை யார் பார்ப்பார்கள்?

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக முக்கியத் தகவல் கிடங்கை அழித்துவிட்டார். தினசரி நகலைத் தேடினால், பதிப்பு பொருந்தாமல் அந்த வேலை ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தது; தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் கைகொடுத்தது.

“சர்வீஸ்காரர் பார்த்துக்கொள்வார், நமக்கெதற்கு?” என்று சிலர் சொல்லலாம். கடையைப் பூட்டுவது ஆளாக இருந்தாலும் பூட்டை இழுத்துப் பார்ப்பது முதலாளிதானே! மாதம் ஒருமுறை, நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நான்கு பார்ட்டிகளின் பாக்கியை ஒத்துப் பாருங்கள். நகல் உள்ள டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஸ்கிரிப்டின் செயல்முறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கணக்குப் புத்தகத்தோடு வையுங்கள். எழுதியவர் ஊர் மாறிப் போனாலும் கடை நடக்க வேண்டும் அல்லவா?

நம் சங்கமும் இதற்கென ஒரு நாள் பயிற்சி நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கடன் கொடுத்துப் பிழைக்கும் நமக்குப் பாக்கிக் கணக்கே முதல். அது போனால் சரக்கு இருந்தும் பயனில்லை.