நாள் குறித்துக் கொடுக்காதீர்கள்!

கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள், 'என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?' என்ற விசாரணை ஆரம்பமாகி விடுகிறது. அடுத்து, காலண்டரில் 14-ம் நாளுக்கு வட்டம் போட்டு, 'இன்னிக்கு ஊருக்கு கீருக்குப் போயிடாதீங்க' என்று ஜாடையாக ஒரு உத்தரவு! பெரியவர்களின் ஆசை நியாயம்தான். ஆனால், அந்த ஆசைக்கு இந்த உத்தரவே எதிரியாகி விடுவதை ஏனோ நாம் யோசிப்பதில்லை.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தியை இரண்டு வருஷம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அலைய விட்டார்கள். அவளிடம் ஒரு குறையும் இல்லை. நாள் குறித்த அன்றெல்லாம் பதற்றத்தில் அவள் கணவரால் இயலாமல் போயிருக்கிறது. 'பரீட்சைக்குப் போற மாதிரி இருக்கு சித்தி' என்று அவள் அழுதபோது, மனசே ஆறவில்லை. இதை அவள் வேறு யாரிடம் போய்ச் சொல்வாள்?

கருமுட்டையின் ஆயுள் ஒரு நாள்தான். ஆனால், விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரைகூட உயிரோடிருக்கும். அதனால், 2, 3 நாளைக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும். காலண்டர் பார்க்கத் தேவையில்லை. தவிர, எல்லாப் பெண்களுக்கும் 14-ம் நாளில்தான் கருமுட்டை வெளியாகும் என்பதும் இல்லை.

பதற்றம் மட்டுமே காரணமல்ல. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, புகை, குடி, சிலவகை மாத்திரைகள் இவற்றாலும் ஆணுக்கு இயலாமை வரலாம். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது; டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். பெண்ணுக்கோ உலர்வு, தொற்று, கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட நோய்கள் இவற்றால் வலி இருக்கலாம். பயத்தில் பிறப்புறுப்புத் தசை தானாக இறுகிக் கொள்வதும் உண்டு. அது திமிருமல்ல, வெறுப்புமல்ல. சிகிச்சையால் சரியாகக் கூடியதுதான். உலர்வுக்காகக் கடையில் விற்கும் சில ஜெல்கள் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைத்துவிடும் என்பதால், அதையும் டாக்டரிடம் கேட்டே வாங்க வேண்டும்.

ஒரு வருஷம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் டாக்டரிடம் போகலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம் போதும். உறவிலேயே சிரமம் என்றால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். எதுவானாலும் இருவரும் சேர்ந்தே போகட்டும். மருமகளை மட்டும் அனுப்பி வைப்பது பாதி வைத்தியம்தான்.

மாமியார்களே, அம்மாக்களே! சின்னஞ்சிறுசுகளுக்கு நாம் கொடுக்க வேண்டியது நாள் அல்ல. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், கேள்வி கேட்காத மனசும்தான். என்ன, நான் சொல்வது சரிதானே?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.