நீரிழிவும் நம்மூர் வைத்தியசாலையும்

நமது கல்லூரியின் விழாக் காலங்களிற் பழைய மாணவர் ஒன்றுகூடுமிடத்து, முதலிற் படித்த காலத்தைப் பற்றிப் பேசுவர், பின்னர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவர், ஐம்பதைக் கடந்தவராயின், தேநீர் வந்ததும், “உமக்குச் சீனி எவ்வளவு?” என்று ஒருவரையொருவர் வினாவுவர். வினாவப்படுவது கோப்பையிலுள்ள சீனியன்று, இரத்தத்திலுள்ள சீனி. நகைத்து விட்டுவிடத்தக்க செய்தியன்று இது.

2005 - 2006ஆம் ஆண்டுகளில், போர் காரணமாக வடக்கும் கிழக்கும் நீங்கலாக, ஏனைய ஏழு மாகாணங்களிலே ஓர் ஆய்வு நடைபெற்றது. வளர்ந்தோருள் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்பதை அது காட்டிற்று. அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர், தமக்கு அந்நோய் உண்டென்பதை அதுவரை அறியாதேயிருந்தனர்.

காய்ச்சல் வந்து போம். முறிந்த எலும்பு பொருந்திவிடும். நீரிழிவோ வாழ்நாள் முழுதும் உடன்வருவது. அதனைத் திங்கள்தோறும் கவனித்தற்கு ஏற்ற இடம் தொலைவிலுள்ள பெரிய வைத்தியசாலையன்று. நம்மூர்ச் சிறிய வைத்தியசாலையே என்பது நமது துணிபு. ஆயினும் நம்மவர் விடியுமுன் எழுந்து, இரண்டு பஸ் மாறி, பெரிய வைத்தியசாலையின் வரிசையிலேயே போய் நிற்கின்றனர். அவர்களைக் குறைகூறல் எளிது. அவர்கள் ஏன் செல்கின்றனர் என ஆராய்தலே முறை.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என வகுத்தார். இந்நான்கையும் நம்மூர் வைத்தியசாலையில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் மருந்து. இந்நாட்டில் அரசினர் வைத்தியசாலைகளில் மருந்து இலவசம், இது பெரும்பேறு. எனினும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகள் அருகின. வெளியிலே வாங்க வகையற்றோர் பட்ட இடரை நாம் மறத்தலாகாது. மருந்தோடு சேர்த்தெண்ண வேண்டியது பரிசோதனை. வெறுவயிற்றிற் செய்யும் இரத்தப் பரிசோதனை அவ்வேளை நிலையை மாத்திரமே காட்டும். கிளினிக் நாளுக்கு மூன்று நாள் முன்னதாக வாயைக் கட்டுவோர் நம்மிடையே பலர். ஆண்டு முழுதும் விளையாடிவிட்டுப் பரீட்சைக்கு முதல்நாளிரவு மட்டும் கண்விழித்துப் படிக்கும் மாணாக்கரை அவர் ஒப்பர். ‘எச்.பி.ஏ.1.சி.’ எனப்படும் பரிசோதனையோ கடந்த இரண்டு மூன்று திங்களின் நிலையை ஒருங்கே காட்டிவிடும். அஃது எளிதில் ஏமாறாத பரீட்சகர். அப்பரிசோதனை சிறிய வைத்தியசாலைகள் பலவற்றில் இல்லை. அளக்கும் கோல் இல்லாதவிடத்து மக்களுக்கு நம்பிக்கை எங்ஙனம் பிறக்கும்? இரத்தத்தை அங்கே எடுத்து ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பி, முடிவை ஊரிலேயே வழங்கும் ஒழுங்கு எங்கும் நிலைபெறல் வேண்டும்.

அடுத்தது வைத்தியர். கிளினிக் நாளில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. அந்நிமிடங்களில் மாத்திரையை எழுதலாம். நோயை விளக்குதல் இயலாது. நீரிழிவிலோ விளக்கமே பாதி மருந்து. கந்தசட்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பவர், வழக்கம்போல இன்சுலின் ஏற்றிக்கொண்டால் சீனி அளவுக்குமிஞ்சிக் குறைந்து மயங்கி விழக்கூடும். பாதத்தில் உணர்ச்சி குன்றியவர், தேர்த் திருவிழாவன்று நண்பகலிலே வெறுங்காலுடன் வீதி சுற்றினால், தோல் வெந்ததையும் அறியார். அப்புண் ஈற்றிற் காலையே கொண்டுபோகும். விரதமும் திருவிழாவும் எப்போது வருமென அறிந்து முன்கூட்டியே எச்சரிக்க வல்லவர், ஊரோடு பழகிய வைத்தியரும் தாதியுமேயாவர்.

1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியின் மொழியிலே பேசாத மருத்துவம் அவர் வீட்டு வாசலைத் தாண்டாதென்பதை அவர் பணி நமக்கு உணர்த்துகின்றது. நம் கல்லூரியில் தமிழ் கற்று வைத்தியராய் விளங்கும் பழைய மாணவர் பலர். நீரிழிவைப் பற்றி ஒரு கிழவி கேட்டு விளங்கத்தக்க எளிய தமிழில் நான்கு பக்கம் எழுதித் தருவார்களாயின், பிழை பார்த்து அச்சேற்றித் தருதல் ஆசிரியராகிய நம் கடன்.

மூன்றாவது, அருகிருந்து பேணுவோன். அவன் வைத்தியசாலையில் இல்லை, வீட்டில் இருக்கின்றான். பேரன் பாட்டனின் கிளினிக் புத்தகத்தை வாசித்துக் காட்டலாம். நாள்தோறும் பாதத்தைப் பார்த்து வெடிப்போ கொப்புளமோ உண்டாவெனச் சொல்லலாம். இன்று இம்மலரை வாசிக்கும் மாணவரே, இது உமது வேலை.

ஈற்றில் நோயாளி. 2011ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் சிறிய வைத்தியசாலைகளிலே, நோய் தோன்றுமுன்னரே சோதித்தறியும் சுகவாழ்வு நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றை நாடுவோருட் பெரும்பாலார் பெண்கள். ஆண்கள் மிகச் சிலர். வேலை நேரத்திலே நிலையம் திறந்திருத்தல் ஒரு காரணம். மாலை நேரத்திலும் அது நடைபெறுமாறு அதிகாரிகள் ஆவன செய்தல் வேண்டும். ஆயினும் “எனக்கு ஒன்றுமில்லை” என்னும் நமது வீறாப்பு மற்றொரு காரணமன்றோ? தோன்றிய காலத்து இந்நோய் பெரும்பாலும் வலியைத் தருவதில்லை. வலி வந்தபின் செல்வோமென்பார், கண்ணும் சிறுநீரகமும் கெட்ட பின்னரே செல்வர்.

ஆதலின் நாற்பதைக் கடந்த பழைய மாணவரை நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த விழாவுக்கு வருமுன், உம்மூர் வைத்தியசாலைக்கு ஒருமுறை சென்று இரத்தத்தைச் சோதித்து வாரும். படித்தவரும் பதவியுடையோரும் அவ்வரிசையிலே நின்றாற்றான் அங்குள்ள குறைகள் கேட்கப்படும், கேட்கப்பட்டாற்றான் தீரும். பள்ளிக் கட்டடத்துக்கு நிதி திரட்டுதல் போலவே, உம்முடலைப் பேணி நெடுநாள் நம்மிடை இருத்தலும் கல்லூரித் தாய்க்குச் செய்யும் தொண்டேயாம்.